தட்டுவடை செட், செவ்வாய்ப்பேட்டை: காரம் சரி, பீட்ரூட் கொஞ்சம் தூக்கல்

கடைக்குப் பெயர் கிடையாது. ஒரு தள்ளுவண்டி, ஒரு எல்இடி பல்ப், இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், அதிலும் ஒன்றுக்குக் கால் உடைந்து கயிறு கட்டியிருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் சந்து, மாலை ஆறு மணிக்குப் பட்டறைச் சத்தம் அடங்கும்போது இங்கே கரண்டிச் சத்தம் ஆரம்பிக்கும். வண்டியின் தகரத்தில் மஞ்சள் பெயின்ட்டில் கையால் எழுதியிருப்பது இதுதான்: "அண்ணனா அக்காவான்னு கேக்காதீங்க. காரம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க." சேலத்தில் தட்டுவடை செட் வண்டி தெருவுக்கு நாலு நிற்கும், எல்லாவற்றையும் பற்றி எழுத எனக்கு வயிறும் இல்லை நேரமும் இல்லை. இந்த ஒன்றைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு அந்த வாசகமும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் பூண்டுச் சட்னி. அதனால் முதலில் தீனி.

வெளியூர்க்காரர்களுக்காக: தட்டுவடை என்றால் வடை இல்லை, தட்டை. உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும் அளவில் மொறுமொறுவென்று இருக்கும். தட்டில் ஐந்தை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஸ்பூனின் முதுகால் பச்சைச் சட்னியை இழுத்து, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயத்தைக் கோபுரமாகக் குவித்து, அதன் உச்சியில் சிவப்புப் பூண்டுச் சட்னியை ஒரு சொட்டு விட்டு, இன்னொரு தட்டையால் மூடி, கட்டை விரலால் ஒரு அழுத்து. அந்த அழுத்தில்தான் தொழில் இருக்கிறது. பல வண்டிகளில் மேல் தட்டை அங்கேயே விரிந்துவிடும். இங்கே நான் ஏழெட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன், ஒரு தடவைகூட உடைந்து பார்த்ததில்லை. முழுசாக வாய்க்குள் போட வேண்டும், பாதி கடித்துப் பாதியைக் கையில் வைத்திருந்தால் சட்டை காலி.

பூண்டுச் சட்னியில் தக்காளியைக் கலந்து ஏமாற்றும் வேலை இல்லை. பூண்டை வதக்கி அரைத்திருப்பார்கள் போல, பச்சை வாசம் வராது, காரம் நாக்கில் இறங்காமல் காதில் ஏறும். நொறுக்கல் இன்னும் நன்றாக இருக்கும்: தட்டையைக் கையாலேயே நொறுக்கி, காய், சட்னி இரண்டையும் போட்டு, கொத்தமல்லி தூவிக் கிளறித் தருவது. முட்டை நொறுக்கல் கேட்டால் அவித்த முட்டையைத் துருவிப் போடுகிறார், அது எனக்கு ஒத்து வரவில்லை, பிடித்தவர்கள் இருக்கிறார்கள். குறை என்றால் பீட்ரூட். துருவிவிட்டுப் பிழிவதே இல்லை, ஆறேகாலுக்குப் போனால் பரவாயில்லை, எட்டு மணிக்குப் போனால் தட்டை நமுத்து, தட்டெல்லாம் ரோஸ் தண்ணீர். நேரிலேயே சொல்லியிருக்கிறேன். "பிழிஞ்சா சத்து போயிரும்ங்க" என்று ஒரு பதில். தட்டுவடை செட்டில் சத்து தேடி யார் வருகிறார்கள்?

பணம் கொடுக்கும் இடத்துக்கு வருகிறேன். சில்லறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும். செய்தால் திரையில் ஒரு பெண் பெயர் வரும். நிமிர்ந்து பார்த்தால் எதிரே இருப்பவர் கட்டம் போட்ட சட்டை, மடித்துக் கட்டிய கைலி, தாடையில் இரண்டு நாள் முடி, மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. நானும் முதல் நாள் நிமிர்ந்து பார்த்தேன், பொய் சொல்வானேன். பெயரைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், மறுபடி பெயரைப் பார்த்தேன். "சரியான ஆளுதாங்க, அனுப்புங்க" என்றார், தட்டையை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்வார் என்று பிறகு ஒரு சாயங்காலம் நின்று எண்ணினேன், முக்கால் மணி நேரத்தில் பதினொரு தடவை. தகரத்தில் பெயின்ட் ஏறியது அதற்கப்புறம்தான்.

அவர் ஊடுபால். இடைபாலினம் என்றும் சொல்கிறார்கள். பிறக்கும்போதே உடம்பு ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றுக்குள் முழுசாக அடங்காமல் பிறப்பவர்கள். திருநங்கை, திருநம்பி என்றால் இப்போது எல்லோருக்கும் தெரியும், இது அதுவல்ல. "நான் எதுக்கும் மாறலைங்க, பொறந்ததே இப்படித்தான்" என்பார், வாடிக்கையாளர் யார் கேட்டாலும் ஒளிக்காமல். அவரே ஊருக்கெல்லாம் சொல்வதால்தான் இங்கே எழுதுகிறேன், எழுதலாமா என்று கேட்டும்விட்டேன். ஐ.நா. தரும் கணக்கு மக்கள்தொகையில் 0.05 முதல் 1.7 சதவீதம் வரை. குறைந்த கணக்கை எடுத்தாலே இரண்டாயிரம் பேருக்கு ஒருவர், சேலம் மாதிரி ஊரில் ஒரு கல்யாண மண்டபமே நிறையும். அவர் உடம்பில் என்ன எப்படி என்று நான் கேட்கவில்லை, செட்டின் காரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பட்டறைப் பையன்கள் அண்ணா என்பார்கள், ட்யூஷன் போகிற பிள்ளைகள் அக்கா என்பார்கள், இரண்டுக்கும் "என்ன கண்ணு" என்றுதான் பதில். நான் அவர் என்று எழுதுகிறேன். இந்தச் சொல் தமிழில் இருப்பது எவ்வளவு வசதி என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது, இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், எங்கும் இடிக்கவில்லை. விண்ணப்பப் படிவம் அச்சடித்தவர்களுக்குத்தான் அது போதவில்லை.

சரி, 2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல முடியாது.

சந்துக்கு ராக்காவல் பார்க்கும் நேபாளக்காரர் ஒருவர் தினமும் வேலைக்கு ஏறும் முன் இங்கேதான் ஒரு நொறுக்கல் சாப்பிடுவார். நாலு நாளாக மனுஷன் முகமே சரியில்லை. அங்கே அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் என்று 26 தளங்களை முடக்கிவிட்டது, வீட்டுக்குப் பேச முடியவில்லை. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணத்தில் ஓடுகிற நாடு அது, அப்படி அனுப்புகிறவனையும் வீட்டையும் இணைப்பதே அந்த வாட்ஸ்அப் கால்தான், அதைப் போய் அறுத்தார்கள். அமைச்சர்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் ஆடம்பரமாகச் சுற்றும் படங்களைப் பார்த்து ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த பையன்கள் திங்கட்கிழமை தெருவுக்கு வந்தார்கள். முதல் நாளிலேயே துப்பாக்கிச்சூட்டில் 19 பேர் செத்துப்போனார்கள். அன்று ராத்திரி தடையை எடுத்தார்கள், அதற்குள் விஷயம் வாட்ஸ்அப்பைத் தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை பிரதமர் ஒலி ராஜினாமா. நாடாளுமன்றம் எரிகிறது, அரசாங்கத்தின் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிகிறது.

வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர், ஒரே செல்போனில் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறோம். பட்டறைக்காரர் ஒருவர் "அப்படித்தான் கொளுத்தணும், நம்ம ஊர்லயும் ஒரு நாள் வரும் பாரு" என்றார். இதைச் சொல்லாத ஆண்பிள்ளை அன்றைக்குத் தமிழ்நாட்டில் இருந்திருக்க மாட்டான். சொல்லிவிட்டு "சட்னி இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டினார். 2022 ஜூலை 9 கொழும்பில் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் சனம் குதித்ததை ஒருவர் நினைவுபடுத்த, 2024 ஆகஸ்ட் 5 டாக்காவில் ஷேக் ஹசீனா ஹெலிகாப்டர் ஏறியதை இன்னொருவர் சொல்ல, பெட்ரோல் இல்லை, வேலை இல்லை, பேச வழி இல்லை, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு காரணம் என்று பேச்சு களை கட்டிவிட்டது.

தினமும் ஸ்டூலில் (கால் உள்ள ஸ்டூலில்) உட்காரும் பெரியவர் ஒருவர் உண்டு, பழைய செங்கொடிக்காரர். "காட்மாண்டுவுக்கு ஏன்டா போறீங்க, நம்ம ஜெயில்லயே 22 பேரைச் சுட்டாங்களே" என்றார். 1950 பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறை, அடைத்து வைத்திருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச்சூடு. குடியரசு பிறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் மாலை போடுகிறார்கள். நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை, பெரியவர் மட்டும் போவார்.

பூலாவரிப் பக்கத்துக்காரர் ஒருவரும் இருந்தார், எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளந்து கல் நட்ட காலத்தில் கல்லைப் பிடுங்கிப் போட்ட கோஷ்டி. "கல்லைப் புடுங்கினோம், உள்ள போட்டாங்க, வெளிய வந்தோம், மறுபடி புடுங்கினோம். கடைசில யாரு காப்பாத்தினா? கோர்ட்டு" என்றார். 2019 ஏப்ரல் 8, சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னதை அவர் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை.

அந்த நேரத்தில்தான் செல்போனில் அடுத்த படம் வந்தது. காட்மாண்டுவில் உச்ச நீதிமன்றக் கட்டடம், ஜன்னல் ஜன்னலாகத் தீ, உள்ளே இருந்த வழக்குக் கோப்புகளும் சேர்ந்து. யாரோ விசில் அடித்தார்கள்.

அவர் கை நின்றது. ஸ்பூன் முதுகில் பச்சைச் சட்னி சொட்டிக்கொண்டிருந்தது.

"கோர்ட்டையுமா?"

"எல்லாம் ஒரே கூட்டுக் களவாணிங்கதானே" என்றார் பட்டறைக்காரர்.

"இருக்கலாங்க. ஆனா எங்களுக்குக் கெடைச்சது எல்லாம் கோர்ட்லதாங்க கெடைச்சது. உங்களுக்குக் கத்தறதுக்குப் பத்தாயிரம் பேர் இருக்காங்க. எங்களுக்கு ஒரு வீட்டுல ஒருத்தர். அந்த ஒருத்தரையும் அந்த வீடே ஒளிச்சு வச்சிருக்கும். கூட்டத்துக்கு நாங்க எங்கங்க போறது?"

சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் வெங்காய மூட்டைக்குப் பின்னாலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், அவற்றோடு இரண்டு ஜெராக்ஸ் தாள்கள். ஒன்று, 2019 ஏப்ரல் 22 சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைத் தீர்ப்பின் முதல் பக்கம். ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு அது, நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் திருமணம் செல்லும் என்று சொன்னதோடு நிற்காமல், ஊடுபால் குழந்தைகளுக்கு ஆண் மாதிரியோ பெண் மாதிரியோ ஆக்குவதற்காகச் செய்யும் அறுவை சிகிச்சைகளைத் தடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டார். இன்னொன்று அதைத் தொடர்ந்து ஆகஸ்ட் 13 அன்று தமிழக அரசு போட்ட ஆணை: உயிருக்கு ஆபத்து என்றால் தவிர அந்த மாதிரி அறுவை சிகிச்சை கூடாது. இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் அதற்கு முன் இதைச் செய்யவில்லை. உலகத்தில் முதலில் சட்டம் போட்டுத் தடுத்தது மால்டா என்கிற குட்டித் தீவு நாடு, 2015-ல்.

இந்த ஆணை என்ன பெரிய விஷயம் என்று எனக்கு அன்று வரை புரிந்ததில்லை. குழந்தை பிறந்ததும் பெற்றவர்களைப் பயமுறுத்தி ஒரு கையெழுத்து வாங்கினால் போதும், குழந்தைக்கு வாய் வருவதற்குள் அறுக்க வேண்டியதை அறுத்து முடித்துவிடலாம். உணர்ச்சி போய்விடும், சில சமயம் பிள்ளைப்பேற்றுக்கு இருந்த வாய்ப்பும் போய்விடும், டாக்டர்கள் தைத்து வைத்தது ஒன்று, வளர்ந்த ஆள் வேறொன்று என்றாகிவிட்டால் திரும்பத் தைக்க முடியாது. அது நடக்கக் கூடாது என்று சொல்லும் தாள் அது. "நான் அதுக்கு முன்னாடியே பொறந்து தொலைச்சுட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் படித்த திமிர் உண்டு. "அந்த நேபாளக் கோர்ட்டு நல்ல தீர்ப்பு கொடுத்ததே, 2007 டிசம்பர்ல, மூணாவது பாலினத்தை ஏத்துக்கச் சொல்லி. நம்ம உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல்லதான் சொல்லுச்சு, அவங்க ஆறு வருஷத்துக்கு மேல முந்தி. ஆனா 2006-ல சனம் தெருவுக்கு வந்து ராஜாவோட அதிகாரத்தைப் பிடுங்கலைன்னா அந்தத் தீர்ப்பு வந்திருக்குமா? அவங்க புது அரசியல் சாசனத்துல பாலினச் சிறுபான்மையினர்னு பேர் சொல்லியே எழுதியிருக்காங்க" என்றேன். கூட்டம் கதவை உடைத்தால்தான் தனியாள் உள்ளே போக முடியும் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதுதான் என் கட்சி.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிங்க. அப்ப முதல்ல உடைச்சவங்க எங்களுக்குக் கதவைத் திறந்தவங்க. இப்பக் கொளுத்தினவங்க?" என்று கேட்டு என் தட்டை நீட்டினார். "அந்தக் கோப்புக்குள்ள என்னை மாதிரி எவனாவது எவளாவது மனு போட்டது இருந்திருக்கும்ல?"

பதில் இல்லை. தட்டை வாங்கிக்கொண்டேன். ராக்காவல் அண்ணன் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, தங்கச்சி பையன் காலேஜ் படிக்கிறான், ஊர்வலத்தில் இருந்தான், வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று அரைத் தமிழில் சொன்னார். அவருக்கு அன்று நொறுக்கலுக்குக் காசு வாங்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, வண்டியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்ன கதை ஒன்று. 2006 டிசம்பர், அவருக்கு அப்போது பதினான்கு வயசு, வீட்டில் பெண் பிள்ளையாகத்தான் வளர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம் பெரிய மனுஷி ஆகிவிட்டார்கள், இவருக்குக் குரல்தான் உடைந்தது. தோகா ஆசிய விளையாட்டில் புதுக்கோட்டை கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியதை வீட்டு டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். செங்கல் சூளைத் தொழிலாளி மகள் என்று தெருவே பேசியது. சில நாளில் அதே டிவியில், பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிவிட்ட செய்தி. அம்மா எழுந்து டிவியை நிறுத்தினார். அப்பா கொலுசுப் பட்டறைக்காரர், அவருக்கு வேறு எதுவும் புரியவில்லை: "ஓடி வாங்கின வெள்ளி. உருக்கினாலும் வெள்ளிதானே. அதெப்படிப் புடுங்குவாங்க?" என்று சாப்பிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"அன்னைக்குத்தாங்க எங்கம்மா என்னை முதல் தடவையா ஒரு மாதிரி பாத்தாங்க. டிவியைப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க." க்யூஆர் அட்டையை நான் பார்த்த மாதிரி என்று அவர் சொல்லவில்லை, எனக்குத்தான் தோன்றியது.

அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி. பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் நோட்டோடு கட்டிலைச் சுற்றி நின்றார்களாம், ஒருவர்கூட இவர் பெயரைக் கேட்கவில்லை. அப்புறம் ஒரு பள்ளி விடுதி, "மத்த புள்ளைங்க வீட்டுல கேக்கறாங்க" என்று சொல்லி டிசியைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் வீடு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, எதற்குப் போனாலும் பூட்டு வேண்டியதில்லை, காவலுக்கு இவர் இருக்கிறார். ஆடிப் பண்டிகைக்கு ஊரே கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகும், இவர் ஜன்னலில் தாரை தப்பட்டைச் சத்தம் மட்டும் கேட்பார். அப்படிப் பத்து வருஷம். தட்டை தட்டப் பழகியது அந்தத் தனிமையில்தான், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் மாவு பிசைந்து கொடுத்து, காசும் கொடுத்து.

பெயரை மாற்றினால் என்ன என்று கேட்டேன், அந்த க்யூஆர் தொல்லைக்காக. 2019 திருநர் சட்டம் ஊடுபால் ஆட்களையும் திருநர் என்ற ஒரே வரையறைக்குள் வைத்திருக்கிறது, மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து அந்தச் சான்றிதழ் வாங்கலாம். வாங்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. "அவங்க சண்டை போட்டு வாங்கினது, மரியாதையான அட்டைதான். ஆனா அதுல நான் இல்லீங்களே. என் பேரு எங்கப்பா வச்ச பேரு. அது இருக்கட்டும். பாக்கறவங்க தலையைத் தூக்காம இருந்தாப் போதும்." சேலத்தில் ஒரு மனுஷனின் மொத்தக் கோரிக்கை மனு இவ்வளவுதான் என்றால், அதற்கு எந்த ஊர் நாடாளுமன்றத்தை எரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறைக்காரர் கொளுத்தணும் என்று சொன்னது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை, 19 பிள்ளைகளைச் சுட்ட பிறகு என்ன பேச்சு வேண்டியிருக்கிறது. ஆனால் அதே பட்டறைக்காரர் முதல் மூன்று மாதம் இந்த வண்டியைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில்தான் செட் சாப்பிட்டார், "ஒரு மாதிரி இருக்கு" என்று. பூண்டுச் சட்னிதான் அவரைத் திருப்பியது, எந்தப் புரட்சியும் இல்லை.

சரி, போகிறவர்களுக்கு. ஆறு மணிக்கு மேல், ஒன்பதுக்குள். ஞாயிறு லீவு. செட் முப்பது ரூபாய், நொறுக்கல் நாற்பது, முட்டை நொறுக்கல் ஐம்பது. காரம் குறைவாக என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், "மீடியம்" என்றால் அவர் கணக்கில் அது வேறு. உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள், கால் உள்ள ஸ்டூல் பெரியவருடையது. பைக்கைச் சந்து முனையிலேயே நிறுத்துங்கள், உள்ளே திருப்ப முடியாது. குடிதண்ணீர் கேன் இருக்கிறது, டம்ளர் ஒன்றுதான், அது எனக்குப் பிடிக்கவில்லை, பாட்டில் கொண்டுபோங்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அந்த ஒன்று பீட்ரூட்டுக்காகக் குறைத்தது, பிழிகிற அன்றைக்குச் சேர்த்துக் கொடுப்பேன்.

ஸ்கேன் செய்யும்போது பெயரைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்காமல் தொகையைச் சரிபாருங்கள். போன வாரம் பேச்சு மும்முரத்தில் முப்பதுக்குப் பதில் முந்நூறு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புவது எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை எனக்கும் தெரியவில்லை, இன்னும் ஐந்து செட் பாக்கி இருக்கிறது.